நடந்து போகும் தூரம்

வடம் ரெசிடென்சியின் மூன்றாவது மாடியில், மகளுக்குக் கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த அறையில் பால் காய்ச்சிவிட்டுப் பஞ்சவர்ணம் வீடு திரும்பிய அன்று, ஓட்டலுக்கு நேர் பின்னால் இருக்கும் பொரிக்கடலைச் சந்துக்குப் போய்ச் சேர அவளுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரமானது. கூடப் போயிருந்த பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு, "லிஃப்டுக்குப் பயந்துக்கிட்டுப் படியேறுனோம்ல மதினி, அதான் முட்டி கழண்டுருச்சு" என்றாள். பஞ்சவர்ணமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தெரு நீளும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த ஓட்டல் மேலமாசி வீதியில் பஞ்சுக் கிடங்காக இருந்து, பூட்டிக் கிடந்து, பிறகு வெளிச்சுவரை மட்டும் அப்படியே விட்டு உள்ளே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி, கதவுக்குப் பித்தளைக் குமிழும் வாசலுக்குக் கருங்கல் தொட்டியும் வைத்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்காகத் திறக்கப்பட்டது. அறை என்று பெயரே தவிர அது ஒரு வீடு. படுக்க ஓர் இடம், உட்கார ஓர் இடம், பின்னால் இருக்கும் சந்தும் வாசல் கேட்டும் தெரியும்படி ஒரு பால்கனி, இவை போக ஒரு சமையல்கட்டு, அதில் அடுப்பு, பாத்திரம், கரண்டி, வடிகட்டிகூட இருந்தது. வரவேற்பறைச் சுவரில் கோபுரத்தையும் பூச்சந்தையையும் தெப்பக்குளத்தையும் கோடுகளாக வரைந்து, கீழே பெரிய எழுத்தில் 'எல்லாம் நடந்து போகும் தூரம்' என்று எழுதியிருந்தார்கள். தெப்பக்குளம் நடந்து போகும் தூரமில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். விளம்பரம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

பஞ்சவர்ணத்தின் மகள் யோகப்பிரியா, அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தகப்பன் இல்லை. அம்மா மாவாட்டி விற்று, சந்துக்கும் சந்தைச் சுற்றியிருந்த தெருக்களுக்கும் இட்லி மாவு கொடுத்துப் படிக்க வைத்தாள். படித்து முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்து, அவர்கள் முதன்முதலாக அனுப்பிய வேலை சொந்த ஊரிலேயே, மாசி வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விற்பனை முழுவதையும் கணினிக்கு மாற்றும் வேலையாக அமைந்துவிட்டது. குழுத் தலைவி மாளவிகாவிடம் யோகா தயங்கித் தயங்கி, "மேம், எங்க வீடு அந்த ஓட்டலுக்குப் பின்னாடிதான், நான் வீட்லருந்தே வந்துர்றேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"மேம் வேண்டாம், மாளவிகான்னே கூப்பிடு. டீம் ஒரே இடத்துல இருக்கணும் யோகா, எப்போ கூப்பிடுவேன்னு எனக்கே தெரியாது. உன் ட்ரெயினிங் முடியுற நேரம் வேற. ரிவ்யூவுல இதெல்லாம் பார்ப்பாங்க."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். "அங்கனயே இருடி. நம்ம வீட்ல ஏசியா இருக்கு? மகாராணி மாதிரி இரு. எங்க போயிறப்போற, சத்தம் குடுத்தா கேக்குற தூரம்."

சொன்னதோடு நிற்காமல், செல்லக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு, மஞ்சள், குங்குமம், ஒரு பாக்கெட் பால், சர்க்கரை சகிதம் முதல் நாளே ஓட்டலுக்கு வந்துவிட்டாள். அடுப்பு இருக்கிற வீட்டுக்குக் குடிபோனால் முதலில் பால் காய்ச்ச வேண்டும், காய்ச்சாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இது ஓட்டல் என்று யோகா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஓட்டல்ல எங்கடி அடுப்பு இருக்கும்? அடுப்பு இருந்தா அது வீடு."

"நாளைக்கு வேற ஆளு வந்து தங்குவாங்கம்மா."

"வரட்டும். அவுகளும் காச்சட்டும்."

அடுப்பில் நெருப்பே வரவில்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு பலகை. அதன்மேல் வைத்த பாத்திரத்தில் பால் தானாகச் சூடாகி, நுரைத்து, எழும்பி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. செல்லக்கண்ணு வாயைப் பொத்திக் குலவையிட்டாள். பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். என்ன சத்தம் என்று கேட்க வந்த மேலாளர் ஜெயசீலனின் கையிலும் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து, "குடிங்க தம்பி, எம்மக வீட்டுப் பால்" என்றாள் பஞ்சவர்ணம். நல்ல மனுஷன், மறுக்காமல் குடித்தார். பின்னாளில் சந்துக்காரர்களில் பாதிப்பேர் அந்தப் பால்தான் காரணம் என்றார்கள், வந்து போகிற இடத்தைப் பால் காய்ச்சி வீடாக்கிவிட்டாள், வீடான பிறகு அது தெருவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்றார்கள். மீதிப்பேர் சுவரில் எழுதிய எழுத்துதான் காரணம் என்றார்கள். காரணத்தைப் பற்றி ரொம்ப நாள் சண்டை போட அவர்களுக்கு நேரமிருக்கவில்லை, ஏனென்றால் நடக்க வேண்டியிருந்தது.

முதலில் சாப்பாட்டில்தான் தெரிந்தது. மகளுக்கு மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆவி பறக்கப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, வெதுவெதுப்பாகப் போய்ச் சேர்ந்தது, பிறகு ஆறிப்போய்ச் சேர்ந்தது, பிறகு ஒரு நாள் மூடியைத் திறந்தபோது சாம்பாரில் குமிழி விட்டிருந்தது. மாவு வாளியோடு காலையில் கிளம்பினால் வாடிக்கை வீட்டு வாசலுக்குப் போவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு கையில் வழிந்தது. புளித்த மாவை யார் வாங்குவார்கள்? "என்ன பஞ்சவர்ணம், ரெண்டு தெரு தாண்டி வர இம்புட்டு நேரமா?" என்று கேட்டவர்களிடம் அவள் காலைக் காட்டினாள்.

அதே நாட்களில் ஓட்டலில் தங்கியிருந்தவர்களுக்கு எல்லாம் பக்கமாகிக்கொண்டு வந்தது. வாசலில் இறங்கி ஒரு வாடகை வண்டிக்குக் கை காட்டலாமா என்று யோசிப்பதற்குள் கோபுரம் முன்னால் நின்றது. பூச்சந்தைக்குப் போனவர்கள் மல்லிகையை வாங்கி, அது பனி உலருமுன்னே அறைக்குத் திரும்பினார்கள். ஒரு தம்பதி ஜிகர்தண்டா வாங்கிக்கொண்டு தெப்பக்குளத்துக்கு நடந்து போய், ஐஸ் கரைவதற்குள் மைய மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊர் இவ்வளவு கைக்கடக்கமானது என்று தெரியாமல் போயிற்றே என்று எல்லாரும் பாராட்டி எழுத, ஓட்டலுக்குக் கூட்டம் அம்மியது. ஜெயசீலன் கீழ்த்தளத்தில் பூட்டியிருந்த அறைகளையும் திறந்தார். ஒவ்வோர் அறைக்கும் ஆள் வரும்போது சந்துக்குள் தெரு இன்னும் கொஞ்சம் நீண்டது.

பொரிக்கடலைச் சந்து பொறுமையான சந்து. முதலில் முட்டுவலித் தைலம் வாங்கித் தடவிக்கொண்டார்கள். பிறகு ரப்பர் செருப்பை விட்டுக் கெட்டியான செருப்புக்கு மாறினார்கள். பிறகு முனைக்கடைக்குப் போகிறவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள், பாதி வழியில் மணியாச்சிக்காரர் என்று ஒருவர் பானை வைத்து மோர் விற்றார், கொஞ்ச நாளில் அவர் பானைக்குப் பக்கத்தில் ஒருவர் பாய் வாடகைக்கு விட்டார். கேஸ் சிலிண்டர்காரன் "இது என் எல்லையில இல்ல" என்று போனை வைத்துவிட்டான். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரு தடவை உள்ளே வந்து, பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு போனதோடு சரி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கடைசி மணி அடித்துவிடும் என்பதால் பெற்றவர்கள் அவர்களை ஹாஸ்டலில் சேர்த்தார்கள், ஹாஸ்டல் வார்டன் ஜன்னல் வழியாகச் சந்தைக் காட்டி, "அந்தா தெரியுற வீட்டுக்கா ஹாஸ்டல் கேக்குறீங்க?" என்று சிரித்தாராம். செல்லக்கண்ணுவின் அண்ணன் மகளுக்குச் சந்தின் அந்தக் கோடியில் பேசி வைத்திருந்த சம்பந்தத்தை, வெளியூரில் பெண் கொடுக்க மாட்டோம் என்று முறித்துக்கொண்டார்கள். யாரும் அழவில்லை. சீக்கிரமே எழுந்து நடந்தார்கள்.

வார்டு கவுன்சிலரிடம் மனு போயிற்று. அவர் நியாயமான ஆள், ஆட்களோடு வந்து, அளக்கும் டேப்பின் ஒரு முனையை ஓட்டல் கேட்டில் தானே பிடித்துக்கொண்டு, மறுமுனையை உதவியாளனிடம் கொடுத்துச் சந்துக்குள் அனுப்பினார். போனவன் மறுநாள்தான் பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசலைத் தொட்டான், திரும்பி வந்தபோது அவனுக்குத் தாடி முளைத்திருந்தது. ஆனால் டேப்பில் எண் என்றைக்கும் இருந்ததுதான் இருந்தது.

"டேப்பு பொய் சொல்லுமாய்யா?" என்றார் கவுன்சிலர். "தூரம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் நடக்க உடம்பு வணங்கல."

"அண்ணே, நான் நடந்தேண்ணே" என்றான் உதவியாளன்.

"நீ பேசாம இரு. போய்ச் சவரம் பண்ணு."

யோகாவுக்கு இதெல்லாம் போனில் வந்து சேர்ந்தது. அவள் பால்கனியில் நின்றால் வீடு தெரிந்தது, கொடியில் அம்மாவின் ஊதாச் சேலை காய்வது தெரிந்தது, குழாயடியில் குடத்தைப் போட்டுச் செல்லக்கண்ணு யாரையோ வைகிற சத்தம்கூட முழுசாகக் கேட்டது. ஒரு விடுமுறை நாளில், சோப்புப் போட்டுக் குளித்துத் தலை சீவி, அம்மாவுக்கு வாங்கிய வலி மாத்திரையோடு வீட்டுக்குக் கிளம்பினாள். கேட்டைத் தாண்டி எண்ணெய்க் கடை மூலையில் சந்துக்குள் திரும்பக் காலைத் தூக்கி வைத்தாள். கால் விழுந்த இடம் கோபுர வாசல். சுற்றிலும் செருப்பு டோக்கன்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மறுபடி வைத்தாள், பூச்சந்தை. சந்தின் மறு வாய் வழியாக நுழையப் பார்த்தாள், தெப்பக்குளத்தில் போய் நின்றாள். கால் மாற்றி வைத்தும், கண்ணை மூடிக்கொண்டும், கடைசியில் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தும் சந்து அவள் காலுக்குக் கிடைக்கவில்லை. தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து செல்லக்கண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"கொசுவம் வைக்கிறோம்லடி சேலையில," என்றாள் செல்லக்கண்ணு, "அந்த மாதிரி ஆக்கிட்டாய்ங்க தெருவ. மேலாப்பல பாத்தா நாலு விரக்கட அகலம். உள்ள பாதிச் சேலை மடிஞ்சு கெடக்கு. நீங்க மடிப்பு மேல கால் வச்சு மடிப்பு மேல போறீங்க. நாங்க உள்ள கெடந்து நடக்குறோம். உனக்கென்ன, நீ ஓட்டல்காரி."

"அத்தை, அப்படிச் சொல்லாதீங்க."

"பின்ன எப்புடிச் சொல்ல? நீ ரூமக் காலி பண்ணிட்டு வாடி. உங்காத்தா கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு, சொன்னா கேக்க மாட்டேங்குறா, இப்பவும் உனக்குச் சோறு கட்டிக்கிட்டு வாரேன்னு கெளம்பிட்டா."

யோகா ஜெயசீலனிடம் போய்க் கேட்டாள். அவர் மேசைமேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, அவளுக்குப் புரியும்படி அன்பாகவே விளக்கினார். அறையைக் காலி செய்தால் அவள் ஓட்டல்காரி இல்லை. அப்புறம் சந்துக்காரர்களுக்கு என்ன தூரமோ அவளுக்கும் அதே தூரம், வீட்டுக்கு நடந்து போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் வேலைக்குத் திரும்பி வரவும் அதே தூரம்தான்.

"அம்மாவை இங்க தங்க வைக்கலாமே மேடம்? கூடுதலா ஒரு ஆள், அவ்வளவுதான்" என்றார்.

அதையும் அம்மாவிடம் போனில் சொன்னாள். "நான் ஓட்டல்காரி ஆயிட்டா சந்துக்குள்ள கால் வைக்க முடியாதுல்ல? இங்க மாவக் கரைச்சு வச்சுட்டு அங்க வந்து ஏசியில படுத்துக் கெடக்கவா? போடி" என்று சிரித்தாள் பஞ்சவர்ணம்.

மாளவிகாவிடமும் சொல்லிப் பார்த்தாள். மாளவிகா மோசமானவள் இல்லை. பால்கனிக்கு வந்து, வீடு எது என்று கேட்டு, ஊதாச் சேலையைப் பார்த்து, "ஹே, இவ்வளவு பக்கத்துலயா? ஸ்வீட்" என்றாள். அங்கிருந்து வேலைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். ஒரு நாளைக்கு மேலே ஆகும் என்று யோகா உள்ளதைச் சொன்னாள். "அப்போ இங்கயே இரும்மா. ரிவ்யூ மட்டும் முடியட்டும். அப்புறம் லீவு போட்டுக்கோ."

ரிவ்யூ முடியட்டும் என்று யோகாவும் நினைத்தாள். நினைத்தபடியே தினமும் ஜவுளிக்கடைக்கு இரண்டடி எடுத்து வைத்துப் போய், சேலைகளையும் வேட்டிகளையும் கணினியில் ஏற்றிவிட்டு, இரண்டடி எடுத்து வைத்துத் திரும்பி வந்தாள். யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள்: வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி அம்மாவிடம் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். இரவில் சாமி கும்பிடும்போது எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் வேண்டிக்கொண்டாள்.

ஓட்டலில் இதற்குள் மாலைத் தேநீரைப் பால்கனிகளில் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே சந்துக்காரர்கள் நடப்பது தெரியும். காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள், வியர்க்கிறார்கள், ஆனால் நகர்வதாகத் தெரியாது. மோர்ப் பானையடியில் ஒருவர் உட்கார்ந்தால் மறுநாள் எழுந்திருப்பார். "எவ்வளவு நிதானமான ஜனங்க" என்று ஒரு விருந்தாளி சொன்னதை ஜெயசீலன் அழகான எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டினார். சில பேர் மேலேயிருந்து கை காட்டினார்கள். சந்துக்காரர்களில் சில பேர் மரியாதைக்குத் திருப்பிக் கை காட்டினார்கள்.

பஞ்சவர்ணம் கடைசியாகக் கிளம்பிய நடையில் வீட்டைப் பூட்டிச் சாவியைச் செல்லக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று தூக்குவாளியில் எள்ளுருண்டையும் பருப்புப்பொடியும் மட்டும். எத்தனையோ பொழுது விடிந்து சாய்ந்தது. முதலில் ஓர் ஊதாப் புள்ளியாக, பிறகு சேலையாக, பிறகு முகமாகத் தெரிந்து, ஒரு காலையில் ஓட்டலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையடிக்கு வந்து சேர்ந்தாள். கடைக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நிற்கும் அளவுதான் இடம். அந்த இடந்தான் மொத்த வழியிலும் நீளமாக இருந்தது. நடந்துகொண்டே இருந்தாள். பால்கனியிலிருந்து பார்க்கும்போது நெற்றியில் திருநீறு கரைந்திருப்பதும், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைப்பதும், செருப்பை விட்டுப் பாதம் பிதுங்கியிருப்பதும் தெரிந்தது.

"ஏத்தா! சாப்ட்டியா?" என்று கீழேயிருந்து கேட்டாள். குரல் மட்டும் மடிப்பில் சிக்கவில்லை.

"சாப்ட்டேன்மா. உக்காரும்மா கொஞ்ச நேரம். கால் எப்படி இருக்கு பாரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுடி. வந்துட்டேன், இந்தா இருக்கு கேட்டு. ஏன் எளச்சுப் போயிட்ட? அந்த நெருப்பில்லாத அடுப்புல என்னத்த வேகவச்சு என்னத்தத் திங்கிற?"

"நான் வேணா காலி பண்ணிட்டு எறங்கி வரட்டாம்மா?"

"செருப்பு பிஞ்சிரும்." பஞ்சவர்ணம் நடையை நிறுத்தாமலேயே சொன்னாள். "நான் பாட்டுக்கு வாரேன். உனக்கு அந்தப் பரீட்சை என்னைக்கு?"

"பரீட்சை இல்லம்மா, ரிவ்யூ. இன்னைக்குத்தான்."

"போ, போ, மொகத்தக் கழுவிட்டுப் போ. நான் எங்க போயிறப்போறேன்."

யோகா ஓடிப்போய் லிஃப்டில் இறங்கி, கேட்டுக்கு வெளியே, அம்மாவை நோக்கி ஒரே ஓர் அடி எடுத்து வைத்தாள். கோபுர வாசல். டோக்கன்காரன் அவளை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தான். திரும்பி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

ரிவ்யூ ஓட்டலின் கீழ்த்தளத்தில் ஒரு குளிர்ந்த அறையில் நடந்தது. சென்னையிலிருந்து திரையில் இரண்டு பேர். அவள் செய்த வேலையில் ஒரு பிசகுமில்லை என்றார்கள். வெளியூர்ப் பையன்கள்கூட வீட்டு ஞாபகத்தில் லீவு கேட்கும்போது, சொந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு நாளும் வீட்டுக்குப் போகாதவள் என்று மாளவிகா அவளைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தார்கள். இந்த மாதிரி ஆள்தான் வேண்டும் என்றார்கள். வேலை நிரந்தரம். ஜவுளிக்கடையின் மற்ற கிளைகளும் சேர்ந்துகொண்டதால் குழு இதே ஓட்டலில் இன்னும் ரொம்ப காலம் இருக்கும். யோகா தேங்க்ஸ் சொன்னாள். கண்ணீர் வந்தது. சந்தோஷம் என்று நினைத்துத் திரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சந்தோஷமும்தான்.

படியேறி ஓடிப் பால்கனிக்கு வந்தபோது பஞ்சவர்ணம் கேட்டுக்கு மிகவும் பக்கத்தில் வந்திருந்தாள். கையை நீட்டினால் கம்பியைத் தொட்டுவிடலாம். நீட்டிக்கொண்டும் இருந்தாள். தொட்டுவிட்டால் உள்ளே வந்துவிடலாம், உட்காரலாம், மகளைத் தொடலாம். மற்ற பால்கனிகளில் விருந்தாளிகள் தேநீரை மறந்துவிட்டு எழுந்து நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகா வாயைத் திறந்தாள். கம்பியைப் பிடிச்சுக்கோம்மா என்று சொல்லத்தான் திறந்தாள்.

"அம்மா! வேலை கெடச்சிருச்சும்மா!"

பஞ்சவர்ணம் நின்றாள். அத்தனை நாளில் அவள் நின்றது அப்போதுதான். நீட்டிய கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள், முகமெல்லாம் பல்லாக மேலே பார்த்தாள்.

"நெசமாவா? பெர்மனென்ட்டா?"

"ஆமாம்மா. நீ உள்ள வா, எல்லாம் சொல்றேன். இன்னும் ஒரு அடிதான். வாம்மா."

"இருடி, செல்லக்கண்ணுகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"யம்மா! வேணாம்! போன்ல சொல்லிக்கலாம்! நான் சொல்றேன்!"

"நல்ல சேதிய எவளாச்சும் போன்ல சொல்லுவாளா? நேர்ல போயி வாயில சக்கரையப் போட்டுச் சொல்லணும். ஒன்னையப் படிக்க வச்சு என்னா ஆவப்போகுதுன்னு கேட்டவ அவ, அவ மூஞ்சிய நான் பாக்க வேணாமா? நீ போயி வேலையப் பாரு. எந்நேரம் ஆயிறப்போகுது, இந்தா இருக்கு சந்து."

சொல்லிக்கொண்டே அவள் திரும்பிவிட்டாள். தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, சாய்த்துச் சாய்த்து வைத்த காலைக்கூட அந்த நேரம் நேராக வைத்து, பெட்டிக்கடைக்காரரிடம் "எம்மகளுக்கு வேலை நெரந்தரமாயிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு, சந்தைப் பார்த்து நடந்தாள். யோகா கூப்பிடக் கூப்பிட, சரிடி சரிடி என்று பின்பக்கமாகவே கையை ஆட்டினாள். பால்கனிகளில் ஒருவர் கை தட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள்.

அறைச் சாவி யோகாவின் கையில்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு இறங்கினால், இன்றைக்கே பின்னால் நடக்கத் தொடங்கினால், வீங்கிய காலோடு போகிறவளை மோர்ப் பானைக்கு முன்னாலேயே பிடித்துவிடலாம். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், கணக்கு சரியாக வந்தது. சாவியோடு லிஃப்டில் இறங்கினாள். கதவு திறந்ததும் குழு மொத்தமும் அங்கே நின்றது, யாரோ அவள் கழுத்தில் மல்லிகை மாலையைப் போட்டார்கள், யாரோ கையில் கேக் துண்டை வைத்தார்கள். மாளவிகா தோளில் கை போட்டு, "கோயிலுக்குப் போயிட்டு அப்படியே சாப்பிடப் போறோம். உன் ட்ரீட். வா, எல்லாம் பக்கம்தான்" என்றாள். மேசைக்குப் பின்னாலிருந்து ஜெயசீலன், "சாவியை நான் வாங்கிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார், வெளியே போகிறவர்கள் எல்லாரிடமும் கேட்பதுதான்.

"இல்ல," என்றாள் யோகா. "இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். எண்ணெய்க் கடை மூலை வந்தது. முன்னால் போனவர்கள் காலைத் தூக்கி வைத்துக் கோபுரத்தடியில் போய் நின்றார்கள். யோகாவும் ஒரு காலை வைத்தாள். இத்தனை நாளும் அந்த இடத்தில் அவள் உள்ளங்காலுக்கு எதுவும் தட்டுப்பட்டதில்லை. இன்றைக்குச் செருப்பின் அடியில் வெயில் ஏறிய ஒரு தெருவின் சூடு தெரிந்தது, ஆட்கள் நடக்கிற அதிர்வு தெரிந்தது, மிகவும் அடியில், மடிப்புக்குள்ளிருந்து, மூச்சிரைத்துக்கொண்டு யாரோ யாரிடமோ "எம்மகளுக்கு" என்று சொல்லத் தொடங்குவது கேட்டது. ஒரு கால் தரையிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக யோகா அப்படியே நின்றாள். அடுத்த காலை எங்கே வைத்தால் யார்மேல் விழாது என்று தெரியவில்லை.

"யோகா, என்ன நின்னுட்ட?" கோபுரத்தடியிலிருந்து மாளவிகா கூப்பிட்டாள். "ஒரு அடிதானே, வா."

"வர்றேன் மாளவிகா" என்றாள் யோகா. காலை வைத்தாள்.